அட்டை இல்லாத அறுபத்தொரு புத்தகங்கள்

அம்மா சகாயமேரி கடந்த மார்ச்சில் இறந்துபோனார். வயது ஐம்பத்தெட்டு. காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பல முறை படித்தேன். எங்காவது பிழை இருக்கும் என்று தேடினேன். இல்லை.

பிழை தேடுவது என் தொழில். கப்பலூர் தொழிற்பேட்டையில் பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் உறை அச்சடிக்கும் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒப்புதல் வாங்கிய மாதிரியில் உள்ள சிவப்பும் இன்று அச்சாகி வந்த சிவப்பும் ஒன்றுதானா என்று கருவி வைத்துப் பார்ப்பேன். வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் ரோலை நிறுத்துவேன். யாரால் வந்தது என்று கண்டுபிடித்து ஒரு பக்க அறிக்கை எழுதுவேன். பதினோரு வருடப் பழக்கம். யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும்.

அப்பா ஸ்டீபன் நான் கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டார். காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம்.

அம்மாவின் அப்பா ஒரு மிஷன் பெண்கள் பள்ளியின் விடுதியில் சமையல்காரர். அம்மா வளர்ந்தது அந்தச் சமையலறையில், இருநூறு பேருக்கு உலை கொதிக்கும் இடத்தில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நூலகச் சான்றிதழ் படிப்பு படித்து, அதே பள்ளியில் நூலகர் ஆனார். இருபத்தொன்பது வருடம். விடுதிச் சமையலறைக்கும் நூலகத்துக்கும் நடுவில் ஒரு கைப்பந்து மைதானம் இருந்தது. அந்த மைதானத்தைத் தாண்டியதுதான் தன் வாழ்க்கை வரலாறு, வேறு ஒன்றும் இல்லை என்பார்.

நல்ல புத்தகம் கொடுங்கள் என்று ஒரு பெண் வந்து நின்றால், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். உப்புமா என்றால் ஒரு புத்தகம். பழைய சோறு என்றால் வேறொன்று. ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்துவிட்டு, தின்று முடி, அப்புறம் புத்தகத்தைப் பார்க்கலாம் என்பார். இந்தப் புத்தகம் எப்படி மிஸ் இருக்கும் என்று கேட்டால் கதையைச் சொல்ல மாட்டார். முதலில் புளிக்கும், பாதிக்கு மேல் இனிக்கும், கடைசியில் ஒரு மிளகு கடிபடும் என்பார். மேரி மிஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டார் என்று பிள்ளைகள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

புத்தகத்தைத் தின்னும்படி அச்சடிக்க வேண்டும் என்பது அவருடைய நிரந்தர யோசனை. பரீட்சை கைடை அப்பளத்தில் அடித்துவிட்டால், முதல் நாள் ராத்திரி பொரித்துத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கலாம். உலக வரைபடம் பரோட்டாவில் வர வேண்டும், ஏடு ஏடாகப் பிரிக்க வசதி. அகராதி இடியாப்பத்தில். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று எப்படியும் யாருக்கும் தெரியப் போவதில்லை. கவிதைக்குப் பஞ்சுமிட்டாய். பூசையில் கொடுக்கும் அப்பத்திலேயே அன்றைய வசனத்தையும் அச்சடித்தால் யாரும் மறக்க மாட்டார்கள் என்று ஒருமுறை பங்குச் சாமியாரிடமே சொன்னார். சாமியார் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற சிஸ்டர்கள் சிரிக்கவில்லை.

அட்டை விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார். "அட்டை கையப் பிடிச்சு இழுக்கணும். இழுக்காட்டி உள்ள என்ன இருந்து என்ன?" என்பார். புத்தகக் கடையில் அரைமணி நேரம் நின்று அட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றையும் புரட்டாமல் வெளியே வருவார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. வேலை செய்யும் இடத்துச் சாமான் வீட்டுக்கு வரக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

ஜூன் இரண்டாம் வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. தலைமை ஆசிரியை சிஸ்டர் பேசினார். இந்த வருடம்தான் மாறுதலாகி வந்தவர். அம்மா பெயரில் நூலகத்தில் ஒரு வாசிப்பு மூலை அமைக்கிறோம், பலகைகூட எழுதியாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் வாரம் திறப்பு என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது குரல் வேறாக இருந்தது. ஒருமுறை வந்து போக முடியுமா என்றார்.

நடந்தது இது. புது மூலையில் புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல், அட்டை தெரிய நிற்க வைக்க வேண்டும் என்று சிஸ்டர் விரும்பினார். அதற்கு பிரவுன் தாள் உறையைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த நூலகத்தில் எல்லாப் புத்தகமும் பிரவுன் தாள் போட்டுத்தான் இருக்கும். ஜூன் மாதம் பிள்ளைகளின் பாடநூல்களுக்கு வீட்டில் உட்கார்ந்து அட்டை போடுவதுபோல, வருடா வருடம் நூலகத்துக்கும் போடுவார்கள். மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், எல்லாம் ஒரே நிறம், முதுகில் வெள்ளை லேபிள். புது நூலகர் ரோகிணி எல்லா உறைகளையும் பிரித்தபோது அறுபத்தொரு புத்தகங்களுக்கு உள்ளே அட்டை இல்லை.

போய்ப் பார்த்தேன். கிழிக்கவில்லை. முதுகிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விட்டு, ஸ்கேல் வைத்து பிளேடால் அறுத்திருந்தார்கள். அட்டை இருந்த இடத்தில் பழைய காலண்டர் அட்டையை அளவாக வெட்டி ஒட்டி, மேலே பிரவுன் தாள் போட்டிருந்தார்கள். கையில் எடுத்தால் கனத்தில்கூட வித்தியாசம் தெரியாது. அவசரத்தில் செய்த வேலை இல்லை. நல்ல கை.

சிஸ்டர் நாற்காலியைக் காட்டினார். "நான் யாரையும் சொல்லல, எஸ்தர். அம்மா எப்பவாவது இதைப் பத்திப் பேசுனாங்களான்னு கேக்கிறேன். அவ்வளவுதான்."

யாரையும் சொல்லவில்லை என்று ஆரம்பிப்பவர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அறைச் சாவி யார் யாரிடம் இருந்தது என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு பேரிடம் என்றார். ஒன்று அம்மாவிடம். இன்னொன்று நூலக உதவியாளர் அன்னக்கொடியிடம்.

அன்னக்கொடி அக்கா பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறார். பரவையிலிருந்து பஸ்ஸில் வருவார். தூசி தட்டுவது, அடுக்குவது, பிரவுன் தாள் போடுவது எல்லாம் அவர். அப்போதும் கதவோரம்தான் நின்றார். உங்களுக்குத் தெரியுமா அக்கா என்று கேட்டேன். தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது எஸ்தரு" என்றார். அந்தப் பதில் வர நான்கு விநாடி ஆனது. அதையெல்லாம் நான் எண்ணுவேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் ஆலைக் கேன்டீனில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நிகழ்வு, கண்டறிந்தவை, சாத்தியமான காரணம், பரிந்துரை என்று நான்கு தலைப்புகள். பிளேடும் ஸ்கேலும் உறை போடுபவரின் கருவிகள். சாவி இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அதை அடுக்களையில் வைத்துவிட்டுப் போவதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குக் காய்கறி என்பார். மறுநாள் திரும்ப வந்து பையில் எதையோ வாங்கிக்கொண்டு போவார். நேரடிக் கேள்விக்குத் தயங்கினார். வழவழப்பான அட்டைகளை வாங்க ஆள் இருக்கலாம். சந்தேகப் பட்டியலில் ரோகிணி பெயரையும் எழுதினேன், வந்து இரண்டு மாதமே ஆகிறது என்று அடித்தேன். அம்மா பெயரை எழுதவே இல்லை.

சிஸ்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது.

மூன்று நாள் கழித்து ரோகிணி போன் செய்தார். அன்னக்கொடியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். முப்பதாம் தேதி ஒரு சிறு குழு கூடி முடிவெடுக்கும். அவருடையது நிரந்தர வேலை இல்லை. வேண்டாம் என்றால் ஒரு கடிதம் போதும். ரோகிணி இதைச் சொல்லிவிட்டு, என் அறிக்கையைத்தான் சிஸ்டர் கையில் வைத்துக்கொண்டு பேசினார் என்றார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில் நெத்திலி வாங்கினேன். அம்மா வைக்கும் குழம்பை நான் கற்றுக்கொள்ளவில்லை. எங்காவது எழுதி வைத்திருப்பாரா என்று அடுக்களையில் தேடினேன். அப்பா போன பிறகு எடுக்காத பெரிய இட்லிப் பாத்திரத்தைக் கீழே இறக்கினேன். உள்ளே மூன்று தடித்த டைரிகள் இருந்தன. ஏதோ ஒரு வங்கி இலவசமாகக் கொடுத்தவை.

முதல் டைரியைத் திறந்தேன். இடது பக்கத்தில் ஒரு நாவலின் அட்டை ஒட்டியிருந்தது. கருநீல இரவு, நடுவில் மஞ்சளாக ஒற்றை ஜன்னல். வலது பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து.

"கத்தரிக்காய் சுட்டு மசித்தது. நடுவில் முட்டைக் கரு ஒன்று, உடையாமல். எஸ்தர்: உப்பு கம்மி. புத்தகம் படிக்கலை."

அடுத்த பக்கம். மணல் நிறத்தில் ஒரு பாலைவனம். "கேரட் துருவிப் போட்ட சோறு. ஒட்டகத்துக்குப் பேரீச்சம்பழம். எஸ்தர்: நல்லாருக்கு. படிக்கலை."

வெள்ளை அட்டையில் ஒரு ரத்தத் துளி, துப்பறியும் கதை. "தயிர் சோறு, மாதுளை முத்து ஒண்ணே ஒண்ணு. எஸ்தர் அதை எடுத்து முதலிலேயே தின்னுட்டா. கொலைகாரனைக் கண்டுபிடிச்ச மாதிரி. படிக்கலை."

இயற்பியல் புத்தகம் ஒன்று, முழுக்கச் சாம்பல் நிறம். "கம்பங்களி. எஸ்தர் சாப்பிடலை. நானும்தான். படிக்கலை."

சனிக்கிழமைச் சாப்பாடு. சிறு வயதிலிருந்து அல்ல, நான் வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்தது. வாரம் தவறாமல் இல்லை, மாதத்துக்கு ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. தட்டில் நிறங்கள் விசித்திரமாக இருக்கும். இன்றைக்கு நாவல் என்று அம்மா அறிவித்துவிட்டு வைப்பார். தின்னும் புத்தகம் பற்றிய பழைய வேடிக்கைதான் என்று நினைத்துக்கொண்டு தின்றேன். நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கும் எனக்கு, அந்தத் தட்டில் இருந்தது எதனுடைய நிறம் என்று கேட்கத் தோன்றவில்லை.

எண்ணினேன். ஐம்பத்தெட்டு அட்டைகள். மைதா பசை போட்டு ஒட்டியது. சில அட்டைகளின் ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. அம்மா ஆசைப்பட்டபடி உலகத்தில் ஒருவராவது புத்தகத்தை நேரடியாகத் தின்றிருக்கிறார்.

கடைசி டைரியின் கடைசிப் பதிவு பிப்ரவரியில் எழுதியது. ஊதா நிறத்தில் ஒரு மரம். எதிர்ப்பக்கத்தில் சமையல் இல்லை. "நாவப்பழம் வர ஜூன் ஆகும். அன்னக்கொடிட்டச் சொல்லி வைக்கணும்."

நெத்திலியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். திருடி என்ற சொல் மனதில் வந்தது. அதை அம்மாவின் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. சாவி இருந்திருக்கிறது, பிளேடு பிடிக்கத் தெரியும், பொருள் வீட்டில் இருக்கிறது. என் அறிக்கையின் நான்கு தலைப்பிலும் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எல்லாவற்றையும் படித்தவர் என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்த ஆள், கடைசி ஒன்று தவிர எல்லாப் பக்கத்திலும் படிக்கலை என்று தன் கையால் எழுதி வைத்திருந்தார்.

முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் பலகையில் அம்மா பெயர் இருக்கும். டைரிகள் என்னிடம் இருக்கும். அன்னக்கொடிக்கு ஒரு கடிதம் போகும்.

ஆனால் அவருக்குத் தெரியும் என்று கடைசிப் பக்கம் சொன்னது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? திறப்பு விழா வரட்டும், நாலு பேர் முன்னால் சொல்லலாம் என்று காத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, என்னிடம் தனியாக எதையாவது கேட்க நினைக்கிறாரோ. திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பரவைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் பொய். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

வீட்டில் இல்லை. மார்க்கெட்டுக்குக் கூலிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு கமிஷன் கடையின் பின்பக்கம், சாக்கு விரித்து உட்கார்ந்து சின்ன வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"வாத்தா. எதும் ரிப்போட்டு எழுத விட்டுப்போச்சா?"

முந்தின நாள் படம் எடுத்து வைத்திருந்த டைரிப் பக்கம் ஒன்றைப் போனில் திறந்து நீட்டினேன். விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்பும் கருஞ்சிவப்புமாக ஒரு பெண்ணின் முகம் போட்ட அட்டை அது.

"இது பீட்ரூட்டு. அன்னைக்கு லாரி வரல. மார்க்கெட்டு பூரா தேடி நாலே நாலு காய் வாங்கியாந்தேன்" என்றார்.

புத்தகத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. காய் நினைவிருந்தது. வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே மீதியைச் சொன்னார். முதலில் அம்மா புத்தகத்தை முழுதாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாராம், அதுவும் ஒரே ஒரு முறை. அடுப்புப் பக்கம் வைத்து, அட்டையைப் பார்த்துச் சமைத்தபோது எண்ணெய் கொட்டிப் பக்கமெல்லாம் ஊறிவிட்டது. ஒரு வாரம் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். பள்ளிப் புத்தகத்தைப் பாழாக்கிவிட்டேன் என்று புலம்பினாராம். அதன் பிறகுதான் இந்த வழியைக் கண்டுபிடித்தார். புத்தகம் பத்திரமாகப் பள்ளியிலேயே இருக்கட்டும், அட்டை மட்டும் வீட்டுக்கு வரட்டும். எப்படியும் பிரவுன் தாள் போட்டு மூடத்தானே போகிறோம். மூடி வைத்த முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள். அம்மா அறுத்துக் கொடுப்பார், இவர் காலண்டர் அட்டை வைத்து உறை போடுவார். வெள்ளிக்கிழமை பையில் அந்த நிறத்துக் காய் வரும். சனிக்கிழமை இவர் பங்குக்கு ஒரு டப்பா சோறும் போகும்.

"அது தப்புன்னு உங்களுக்குத் தோணலையாக்கா?"

"கேட்டேன். உள்ள இருக்கிறதுதேன் பள்ளிக்கூடத்துச் சொத்து, மேல இருக்கிறது பொட்டலம், பொட்டலத்த எந்தக் கடைக்காரன் திருப்பிக் கேக்கான்னாக. சரித்தேன்னு போட்டுக் குடுத்தேன்."

பொட்டலம் அச்சடித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

"டீச்சருக்குப் பத்துப் பக்கம் தாண்டுனா தூக்கம் வந்துரும்" என்றார் அவராகவே. அம்மா அவருக்கு எப்போதும் டீச்சர்தான். "அது எனக்கு மட்டுந்தேன் தெரியும். இப்ப ஒனக்கும்."

நான் வந்த கேள்வியைக் கேட்டேன். எல்லாம் தெரிந்தும் அன்றைக்கு ஏன் தெரியாது என்று சொன்னீர்கள்?

அப்போதுதான் கை நின்றது. "நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? செத்தவுக பேரச் சொல்லி அவுகளக் கூண்டுல ஏத்தச் சொல்றியா? சரி, சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா? செத்தவ மேல பழியப் போட்டுத் தப்பிக்கப் பாக்கிறான்னு அதுக்கும் ஒரு பேப்பர் எழுதியிருப்ப."

எழுதியிருப்பேன்.

தப்பு என்னுடையது அக்கா என்றேன். அவர் தலையாட்டினார்.

"வாயில சொன்னா காத்துல போயிரும். எழுதிக் குடுத்தேல்ல, அதே மாதிரி எழுதிக் குடு. என் பேர அடிச்சிட்டு, யார் பேரப் போடணுமோ அவுக பேரப் போடு."

"அம்மா பேரு போர்டுல எழுதியிருக்குக்கா."

"என் பேரு வேலையில இருக்கு" என்றார். பிறகு அடுத்த மூட்டையை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். திருத்திய அறிக்கை என்று தலைப்பு. முந்தைய அறிக்கை முழுவதும் தவறு, ஆதாரம் இல்லாமல் எழுதியது, எழுதியவள் நான் என்பது முதல் வரி. அட்டைகளை அறுத்தவர் நூலகர் சகாயமேரி என்பது இரண்டாவது. உதவியாளர் தன் மேலதிகாரி சொன்ன வேலையைச் செய்தார் என்பது மூன்றாவது. இரண்டாவது வரியை எழுதுவதற்கு, மற்ற எல்லாவற்றையும் எழுதியதைவிட அதிக நேரம் ஆனது. அம்மா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டு, அது அனுதாபம் கேட்பதுபோல இருந்ததால் எடுத்தேன். பிறகு, போடாமல் விட்டால் உயிரோடு இருப்பதுபோல இருந்தது. அப்படியே விட்டேன்.

முப்பதாம் தேதி பத்து மணிக்குத் தலைமை ஆசிரியை அறை. சிஸ்டர், ஒரு வயதான சிஸ்டர், ரோகிணி. அன்னக்கொடியை வரச் சொல்லியிருந்தார்கள். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. அறிக்கையைக் கொடுத்துவிட்டு மூன்று டைரிகளையும் மேசையில் வைத்தேன்.

சிஸ்டர் அறிக்கையை ஒரு நிமிடத்தில் படித்தார். டைரிகளை வெகுநேரம் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். "இதெல்லாம் நெஜமாவே சமைச்சாங்களா?"

"சமைச்சாங்க சிஸ்டர். நான் சாப்பிட்டேன்."

வயதான சிஸ்டர் டைரியை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். படிக்கலை, படிக்கலை என்று வாய்க்குள் வாசித்தார். அவர் சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த இருபத்தொன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்காத புத்தகத்துக்கு ருசி சொல்லியிருப்பாள் என்று மட்டும் கேட்டார். அவள் கொடுத்த புத்தகம் பிடிக்கவில்லை என்று ஒருத்திகூடத் திரும்பி வந்ததில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை என்றார் அவரே.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். "போர்டுல அந்தப் பேரு வைக்க முடியாது, எஸ்தர். வாசிப்பு மூலைன்னு மட்டும் இருக்கட்டும்."

"தெரியும் சிஸ்டர்."

"டைரி இங்க இருக்கணும். அட்டை பள்ளிக்கூடத்தோடது."

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. அந்த நெத்திலிக் குழம்பு அந்த மூன்று டைரிகளிலும் இல்லை. ஆனால் நான் சாப்பிட்ட மற்றதெல்லாம் இருந்தது, உப்பு கம்மி என்று நான் சொன்னது வரைக்கும். மீதிப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுக்கும்வரை காத்திருந்தார்கள்.

ரோகிணி இருப்புப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முடிவில் பேனாவை வைத்தார். "அம்பத்தெட்டுதான் இருக்கு சிஸ்டர். மூணு குறையுது."

எனக்குத் தெரிந்த கணக்குதான். ஞாயிற்றுக்கிழமையே தெரியும். அறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். என் கண் பழக்கத்தில் அன்னக்கொடி பக்கம் போனது. உடனே திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"அம்மாதான் எடுத்திருப்பாங்க. வீட்ல எங்கேயாவது இருக்கும்" என்றேன். "மூணையும் அவங்க பேர்லயே எழுதிக்கோங்க."

"வேணாம் சிஸ்டர்" என்றார் அன்னக்கொடி. "இல்லாததையும் செத்தவுக தலையில ஏத்த வேணாம். மூணும் என் வீட்டு அடுப்படிச் செவுத்துல இருக்கு. டீச்சர் குடுத்தாக. பூவு படம் போட்டிருந்துச்சு, நான் கேட்டேன்."

வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு விநாடிகூட ஆகவில்லை இந்த முறை.

"கொண்டு வந்து குடுத்துருங்க" என்றார் சிஸ்டர்.

"மைதா பசை போட்டு ஒட்டினது சிஸ்டர். பிச்சா செவுத்துப் பூச்சோட பேந்து வரும். செவுத்தோட கொண்டாரவா?"

வயதான சிஸ்டர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குச் சந்தேகம். ரோகிணி பதிவேட்டைப் பார்த்தார். அதில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: இருப்பு, இரவல், காணவில்லை. "எதுல எழுத சிஸ்டர்?"

தலைமை ஆசிரியை மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே மணி அடித்து, வகுப்பு மாறும் சத்தம் கேட்டு அடங்கியது.

"இரவல்" என்றார். "எடுத்தவங்க பேரு அன்னக்கொடி. திருப்புற தேதி போட வேணாம்." பிறகு அவரைப் பார்த்து, நாளைக் காலை எட்டரைக்கு வந்துவிட வேண்டும், பிரித்துப் போட்ட பிரவுன் தாளெல்லாம் அப்படியே கிடக்கிறது என்றார்.

ரோகிணி எழுதிப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். அன்னக்கொடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று வரிக்கும் மூன்று கையெழுத்து நிதானமாகப் போட்டார். போட்டு முடித்து, பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீயும் நல்லாப் பாத்துக்க, எஸ்தரு. பின்னாடி பேப்பர் எழுதக் கூடாது."